பாட்டெழுதின கை

"அண்ணே, இன்னா வேணா அடிங்க. அந்தப் பாட்டு மட்டும் வேணாம்."

ரோஷினி இதை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேளக்காரர் தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் தப்பட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கூட வந்த நாலு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் பாட்டும்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. மாமோவ் பாட்டு."

"அது இல்லாம எப்டிம்மா? பொங்கல்ல இருந்து அந்த மெட்டு அடிக்காம ஒரு பொணம் எடுக்கல நாங்க. பசங்க ஆடணும்ல?"

"உள்ள கெடக்கிறது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? அந்தப் பாட்டு பாடினவனோட அப்பா."

மேளக்காரர் தப்பட்டையை இறக்கினார். "ஓ, அந்த லோகநாதனா?" என்றார். அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்ததையும், வந்த வேகத்தில் அதை அவர் மீசைக்குள் தள்ளிக்கொண்டதையும் ரோஷினி பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். என்ன செய்வது, யாரையெல்லாம் கும்பிட வேண்டியிருக்கிறது.

"சரிம்மா, அடிக்கல. சத்தியம்" என்றார் அவர்.

அந்தப் பாட்டைக் கேட்காதவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிற புருஷனைப் பெண்டாட்டி கேலி செய்கிற பாட்டு அது. லோகநாதனின் மகன் கார்முகிலன் பாடியது. கோயில் திருவிழாக்களில் பாடித் திரிந்தவனைச் சென்னையில் ஒரு யூடியூப் சேனல்காரர்கள் பிடித்துப் போட்டார்கள். பொங்கலுக்கு முதல் நாள் மாலை ஆறு மணிக்கு ரிலீஸ். மாட்டுப்பொங்கலுக்குள் பத்து லட்சம் பேர் பார்த்தார்கள். மாசி முடிவதற்குள் மூன்று கோடி. பாட்டு இப்படிப் போகும்:

தள்ளி நில்லு தள்ளி நில்லு மாமோவ் – நீ
தாண்டி வந்தா தெரு காலி ஆமோவ்!
அத்தர் குப்பி கவுத்தாலும் மாமோவ் – உன்
ஆட்டுத்தோலு நாத்தம் விட்டுப் போமோவ்!

பாட்டை ஓட வைத்தது கடைசி இரண்டு வரிதான். அந்த வரிக்கு ஒரு கை மூக்கைப் பொத்த வேண்டும், இன்னொரு கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கட்டைவிரல் கீழே வருகிற மாதிரி கவிழ்க்க வேண்டும். கல்யாண மண்டபம், கல்லூரி விழா, நடக்கத் தெரியாத குழந்தை, பல் இல்லாத கிழவர் என்று எல்லாரும் கவிழ்த்தார்கள். எல்லாரும் செல்போனில் எடுத்துப் போட்டார்கள்.

அந்த இரண்டு வரியை எழுதியது கார்முகிலன் இல்லை. ரோஷினி.

அவள் மாதனூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து அடுப்பில் குழம்பை ஏற்றியிருந்தாள். அண்ணன் போன் செய்தான். "ரோஷி, ரெண்டு வரி மாட்டிக்கிச்சுடி. மாமோவ்னு முடியணும். நல்லா காரமா இருக்கணும்" என்றான். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வாய்விட்டுப் பாடிக் காட்டினாள். அந்தப் பக்கம் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். இவளும் சிரித்தாள். அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, புழக்கடையில் ரப்பர் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தச் செருப்பைத் திண்ணை ஓரம்கூட வைக்க அம்மா விடமாட்டாள், அது அந்த வீட்டில் முப்பது வருஷச் சட்டம்.

பாட்டில் அவள் பேர் போடவில்லை. "அடுத்த பாட்டுல போட்டுர்றேன்" என்றான் அண்ணன். அதற்காக ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தாள். அந்த ஒரு வாரமும் கம்பெனி பஸ்ஸில் அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். பக்கத்து சீட் ஆஃப்ரீன் எழுந்து நின்று குப்பியைக் கவிழ்ப்பாள், நாற்பது பொண்ணுங்களும் சேர்ந்து அவளுடைய வரியைப் பாடுவார்கள். 'இது என்னுது' என்று கத்த வேண்டும்போல இருக்கும். கத்தவில்லை. பின்னால் நடந்ததைப் பார்த்தால், கத்தாமல் விட்டதைத்தான் அவள் வாழ்க்கையிலேயே செய்த புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னால் நடந்தது இதுதான். கார்முகிலன் ஒரு பேட்டியில் வாயை விட்டான். நல்ல எண்ணத்தில்தான் விட்டான், அந்த முட்டாள். "எங்க அப்பா ஆம்பூர் டேனரில முப்பது வருஷமா வேலை. இந்தப் பாட்டு அவருக்குத்தான்" என்று சொல்லி, அவர் போட்டோவையும் காட்டினான். அப்பா பேர் உலகத்துக்குத் தெரியட்டும் என்று ஆசைப்பட்டான். தெரிந்தது. அதற்கடுத்த நாளிலிருந்து லோகநாதன் பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருத்தன் மூக்கைப் பொத்துவான். அவர் உட்கார்ந்த சீட்டில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், தள்ளி நின்று சிரிப்பார்கள். அவர் பஸ்ஸை விட்டுவிட்டு சைக்கிளுக்கு மாறினார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றிருந்த குளியல் நாலாக ஆனது.

குடியாத்தத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன். அங்கே மைக்கில் "மாமோவ் வந்துட்டாரு" என்று சொல்லி அவரை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளையின் தோழர்கள் வாசலில் வைத்திருந்த பன்னீர்ச் செம்பைக் கொண்டுவந்து, பாட்டைப் போட்டு, சரியாக அந்த வரிக்கு அவர் தலையில் கவிழ்த்தார்கள். மண்டபமே கை தட்டியது. லோகநாதனும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். வேறு என்ன செய்வார், மனுஷன். சட்டையெல்லாம் பன்னீரோடு வீட்டுக்கு வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே மகளிடம் கேட்டார்.

"அந்த அத்தர் வரி யாரும்மா எழுதினது?"

ரோஷினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அண்ணன்தாம்ப்பா" என்றாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்கே அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். அப்பா கேட்டால் நீ என்றே சொல்லிவிடு என்று கெஞ்சினாள். "விட்ரு. நான் வாங்கிக்கிறேன்" என்றான் அவன். வாங்கிக்கொள்வது எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரியவில்லை. லோகநாதன் மகனோடு பேச்சை நிறுத்தினார். அவன் வீட்டுக்கு வந்தால் எழுந்து வெளியே போனார். ஆடி மாதம் கூழ் ஊற்றிய அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, சாப்பிட்ட கையோடு சொன்னார்: "அந்த வரிய எழுதின கை எதுவோ, அது என் பொணத்து மேல படக்கூடாது. சட்டி தூக்கக் கூடாது, மண்ணு போடக் கூடாது. இத்தினி பேர் முன்னாடி சொல்றேன்." அப்போது ரோஷினி அவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு விடியற்காலை ஐந்தரைக்குக் குழாயடியில் குளிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. சோப்பு நுரை காதுக்குள் இருந்தது.

கார்முகிலன் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தான். சென்னையிலிருந்து பைக்கிலேயே வந்திருந்தான், முகமெல்லாம் புழுதி. பந்தலுக்குள் கால் வைக்கும்போதே சித்தப்பா எழுந்து வந்து அவன் மார்பில் கையை வைத்துத் தடுத்தார்.

"அங்கியே நில்லு."

"சித்தப்பா, மூஞ்சிய பாத்துக்கிறேன்."

"அங்கிருந்தே பாரு. உங்கப்பன் சொன்னது உனுக்குத் தெரியும். செத்தவன் பேச்சை மீறினா நான் மனுசன் இல்ல."

யாரும் அவனுக்காகப் பேசவில்லை. அந்தப் பாட்டுக்கு ஆடின பிள்ளைகள், மருமகள்கள், கைதட்டின பெரியவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். இன்றைக்கு எல்லாரும் நியாயஸ்தர்கள். "பெத்த அப்பனைப் போய் இப்டி சந்தி சிரிக்க வெச்சானே" என்று ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். அவள் பேத்தி குப்பியைக் கவிழ்த்த வீடியோ ரோஷினியின் போனில் இன்னும் இருந்தது.

சித்தப்பாவின் மூத்த பையனை உட்கார வைத்து முடி எடுக்க ஆரம்பித்தார்கள். தலைமகன் உயிரோடு நிற்கும்போது சித்தப்பா பையன் தலைக்குக் கத்தி வைப்பதைப் பார்க்க முடியாமல் கார்முகிலன் பந்தலை விட்டு நகர்ந்தான். அவன் சுற்றிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் வந்தான். ரோஷினி அங்கே குளிப்பாட்டுவதற்குச் சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ரோஷி" என்றான். "எட்டு மாசம் நான் ஒண்ணும் கேக்கல."

அவள் கரைத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னிக்கு ஒருநாள் சொல்லிருடி. நான் சட்டி தூக்கணும். வேற ஒண்ணும் வேணாம். அவருக்கு நான் மண்ணு போடணும்டி."

"சொல்றேண்ணா."

"நீ பொண்ணு. உன்ன யாரும் அடிக்கப் போறதில்ல. ரெண்டு நாளு திட்டுவாங்க, விட்ருவாங்க."

"சொல்றேன்னு சொன்னேன்ல."

அவள் சொல்லத்தான் நினைத்தாள். அது பொய் இல்லை. குளிப்பாட்டுவதற்கு முன் சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பிறகு, குளிப்பாட்டி முடியட்டும் என்று நினைத்தாள். எண்ணெய் வைக்கிற பாக்கியமாவது தனக்கு மிஞ்சட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்த தன்னை அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நினைத்தாள்.

வாசலில் பெஞ்சு போட்டு லோகநாதனைக் கிடத்தினார்கள். நாலு பெண்கள் சேலைகளைப் பிடித்து மறைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து எண்ணெய் தொட்டு வைத்தார்கள். ரோஷினி உள்ளங்கை நிறைய எண்ணெய் எடுத்து உச்சியில் வைத்து, நெற்றி, காது, கழுத்து என்று தடவினாள். அம்மா கங்கம்மாள் தலைமாட்டில் நின்று மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தல் கால் ஓரத்தில் கார்முகிலன் நின்றான். அவனும் அந்தக் கையைத்தான் பார்த்தான்.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, விபூதி பூசி, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்த பிறகு லியாகத் அலி முன்னால் வந்தார். அதே டேனரியில் இருபத்தேழு வருஷம் லோகநாதனோடு ஒரே தொட்டியில் தோல் மிதித்தவர். காலையிலிருந்து ஒரு மூலையில் நின்றபடியே இருந்தார், யார் சொல்லியும் உட்காரவில்லை. சித்தப்பாவிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, எங்க பக்கம் மவுத்தானவங்கள குளிப்பாட்டினா அத்தர் வெப்போம். நெத்தி, கையி, முட்டி, காலுன்னு. என் அண்ணனுக்கும் நான்தான் வெச்சேன். இவனுக்கும் வெச்சிரட்டா? ரொம்ப பேஜார் பண்ணிட்டாங்க இவன. போறப்பவாவது நல்ல வாசத்தோட போகட்டும்."

"வெய்யி பாய். உனுக்கு இல்லாத உரிமையா?" என்றார் சித்தப்பா. அவர் கண் கலங்கிவிட்டது.

லியாகத் அலி செல்போனில் பாட்டுப் பார்க்கிறவர் இல்லை. கேலி செய்தது தெரியும், எப்படிச் செய்தார்கள் என்று தெரியாது. ஜிப்பா பையிலிருந்து விரல் நீளத்துக் குப்பி ஒன்றை எடுத்தார். மூடியோடு இருக்கும் கண்ணாடிக் குச்சியால்தான் தொட்டு வைப்பார்கள். அந்தக் குச்சி வாயிலேயே மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், திருகிப் பார்த்தார், பல்லால் கடித்து இழுத்தார். மூடி மட்டும் கையோடு வந்தது, குச்சி முறிந்து உள்ளே நின்றது. சொட்டு சொட்டாக விடலாம் என்று பெரியவர் குப்பியை லோகநாதனின் தலைக்கு மேலே தூக்கி, கட்டைவிரல் கீழே வரும்படி, கவிழ்த்தார். அத்தர் வாசனை மூக்கில் ஏறித் தும்மல் வந்தது போலிருக்கிறது, இன்னொரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் மூக்கு வழியாக வந்த சிரிப்பு. அதைக் கேட்டு இன்னொன்று. சேலை பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையோடு சிரித்தார்கள். பிணம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, நெற்றியிலிருந்து அத்தர் மூக்கு வழியாக இறங்கியது.

ரோஷினிக்கும் சிரிப்பு வந்தது. அதைச் சொல்லாமல் இருந்தால் கதை பொய்யாகிவிடும். வயிற்றிலிருந்து எழும்பி வந்தது. வந்த அந்த நொடியில், எட்டு மாசத்துக்கு முன் கம்பெனி பஸ்ஸில் இருந்த அதே சந்தோஷம் அவளுக்கு இருந்தது. ஒரு சாவு வீட்டையே சிரிக்க வைக்கிறது தன் வரி. பல்லைக் கடித்தாள், நாக்கைக் கடித்தாள், ஒன்றும் பயனில்லை, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். பார்த்தவர்கள் பொண்ணு கதறுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

லியாகத் அலிக்கு எதுவும் புரியவில்லை. குப்பியைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இன்னா? இன்னா ஆச்சு? நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றார்.

சித்தப்பாதான் முதலில் சிரிப்பை விட்டு வெளியே வந்தார். அவரும் சிரித்திருந்தார், அந்த வெட்கம் அவருக்கு வெறியாக மாறியது. பாய்ந்து போய்க் கார்முகிலனின் சட்டையைப் பிடித்துப் பந்தல் நடுவில் இழுத்துப் போட்டு ஓங்கி அறைந்தார்.

"பாத்தியாடா? பொணத்தைக்கூட வுடலியேடா! எவன்டா எழுதினான் அந்த வரிய? சொல்றா, இத்தினி பேர் முன்னாடி உன் வாயால சொல்லு. எவன் எழுதினான்?"

சிரித்த கூட்டம் அத்தனையும் இப்போது அவனுக்கு எதிராகத் திரும்பியது. "சொல்றா", "வாய தொறடா" என்று நாலாபக்கமும் குரல். தாங்கள் சிரித்ததற்கும் சேர்த்து யாராவது ஒருத்தன் அடி வாங்க வேண்டியிருந்தது.

கார்முகிலன் யாரையும் பார்க்கவில்லை. ரோஷினியைப் பார்த்தான். கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்திருந்தன. அவன் கண்ணில் கோபம் இல்லை. இப்போது சொல், இதற்கு மேல் நேரம் இல்லை என்பது மட்டும்தான் இருந்தது. அவள் அப்பாவின் காலை விடாமல் பிடித்திருந்தாள். வாயைத் திறந்தாள். கூட்டத்தின் முகங்களைப் பார்த்தாள். கம்பெனியிலிருந்து வந்திருந்த பொண்ணுங்களைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நான்தான்" என்றான். "நான்தான் எழுதினேன்."

இன்னொரு அறை விழுந்தது. அதற்கப்புறம் யாரோ விலக்கிவிட்டார்கள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். மொட்டையடித்த சித்தப்பா பையன் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தான். மேளக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அந்த மெட்டை அடிக்கவே இல்லை. இரண்டு பொடியன்கள் கேட்டுப் பார்த்தார்கள், முறைத்து விரட்டினார். கார்முகிலன் கூட்டத்துக்குப் பின்னால், வெடிக் காகிதங்களை மிதித்துக்கொண்டு, தள்ளி நடந்து போனான். லியாகத் அலி அவன் தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே போனார். அவருக்கு யாரும் காரணம் சொல்லவில்லை.

பெண்கள் வீட்டில் நின்றுவிட்டார்கள். வாசலைக் கழுவிவிட்டு ஆளுக்கொரு பக்கம் குளிக்கப் போனார்கள். கங்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரோஷினி அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வாங்கவில்லை.

"சொல்லுவன்னு பாத்தேன்" என்றாள்.

"இன்னாம்மா?"

"எண்ணெய் வெக்கிறதுக்கு முன்னாடி சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. வெச்ச."

ரோஷினியின் கையில் டம்ளர் சுட்டது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

"உனுக்கு எப்டிம்மா தெரியும்?"

"உங்கப்பாதான் சொன்னாரு. நீ அன்னிக்கு அடுப்பாண்ட நின்னு போன்ல பாடினப்போ புழக்கடைலதான இருந்தாரு? பாட்டு ரிலீஸ் ஆவறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும். வந்து சொன்னாரு, நம்ம பொண்ணு இன்னா ஜோரா கட்றா பாருன்னு. சிரிச்சாருடி."

வெளியே யாரோ வாளியை நகர்த்தினார்கள். கங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"பன்னீர் ஊத்தினாங்களே, அன்னிக்குக் கேட்டாருல்ல உன்ன? நீ அண்ணன்னு சொன்ன. வந்து படுத்தவரு தூங்கவே இல்ல. எழுதினது பரவால்ல கங்கா, அவன் மேல போடறாளேன்னாரு. எழுதின கை படக்கூடாதுன்னு ஊரைக் கூட்டிச் சொன்னாரே, அது உன்னப் பாத்துச் சொன்னது. அப்பவாவது சொல்லுவன்னு பாத்தாரு. தெனம் பாத்தாரு. நீ சோறு போடறப்பல்லாம் உன் மூஞ்சியப் பாப்பாரு, கவனிச்சதே இல்லியா நீ?"

கவனித்திருந்தாள். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பாள், அவர் இருக்கிறது என்பார்.

"நீ ஏம்மா சொல்லல? அண்ணனுக்காகவாவது நீ சொல்லியிருக்கலாம்ல?"

கங்கம்மாள் மகளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். அழுது வீங்கிய முகம், ஆனால் குரல் வற்றியிருந்தது. "அவன் மெட்ராஸுக்குப் போய்ருவான். நாளைக்கு எனுக்கு சோறு போடப் போறது நீதான" என்றாள். "டீய குடு. ஆறிடப் போவுது."

ஐந்தரை மணிக்கு ஆண்கள் திரும்பி வந்தார்கள். வாசல் ஓரம் பெரிய அண்டாவில் வெந்நீர் போட்டிருந்தது. சுடுகாட்டுக்குப் போனவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒவ்வொருவராக ஊற்றிக்கொண்டு போனார்கள். சித்தப்பா துண்டைப் பிழிந்துகொண்டு பந்தலுக்குள் உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் பையன் மொட்டைத் தலையில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தான்.

கார்முகிலன் கடைசியாக வந்து அண்டாவுக்கு முன்னால் நின்றான். அவன் கையில் மண் இல்லை. ரோஷினி வாளியில் தண்ணீர் மொண்டு அவனருகே கொண்டு போனாள். அவன் கன்னம் வீங்கிப்போயிருந்தது.

"அண்ணா" என்றாள் மெதுவாக. "அப்பாவுக்குத் தெரியுமாம்."

அவன் திரும்பினான். "இன்னா தெரியும்?"

"எல்லாம். மொதல்லருந்தே."

"இன்னா தெரியும்டி? புரியற மாதிரி சொல்லு."

அவன் குரல் உயர்ந்துவிட்டது. சித்தப்பா இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா அங்க? இன்னா சொல்றான் அவன்?"

பந்தலில் இருபது பேர் இருந்தார்கள், இருபது பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்முகிலன் தங்கையின் வாயையே பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல சித்தப்பா" என்றாள் ரோஷினி. "சுடுதண்ணி ஆறுதுன்னு சொன்னேன்."

சித்தப்பா மறுபடியும் பந்தலுக்குள் திரும்பிக்கொண்டார். கார்முகிலன் சட்டையைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், தலையைக் குனிந்துகொண்டான். ரோஷினி சொம்பில் மொண்டு ஊற்றினாள். மழிக்காத அவன் தலையில் முடி அடர்த்தியாக இருந்தது, முதல் சொம்புத் தண்ணீர் மேலாகவே வழிந்து போயிற்று. அவள் இடது கையால் முடியை விலக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு சொம்பு மொண்டாள்.